நான்காவது பிளக்

மெக்கானிக் முதல் இன்ஜெக்டரின் பிளக்கைக் கழற்றியதும் இன்ஜின் தடுமாறவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த மச்சினனின் சீட்டிதான் நின்றது.

ஓடும்போதே நின்றுபோகிறது என்று யாரோ கொண்டுவந்து விட்ட டீசல் வேன். இன்ஜினை ஓடவிட்டு, டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களின் மின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதில்தான் கோளாறு என்று முடிவுகட்டுவது அவன் வழக்கம். மழை தகரக் கூரையை ஓயாமல் அறைந்துகொண்டிருக்க, ஷெட்டுக்குள் சூடேறிய ரப்பர் வாசனையும் ஈரத் தரையின் வாசனையும் கலந்து மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டிருந்தன.

"என்னடா, கச்சேரி முடிஞ்சுதா?"

"உதடு மரத்துப்போச்சு மாமா. நீங்க போட்ட காபிதான் காரணமா இருக்கும்."

மெக்கானிக் சிரித்தபடி பிளக்கைத் திரும்ப மாட்டினான். சீட்டி திரும்பவில்லை.

உறுதி செய்துகொள்ள இரண்டாவதைக் கழற்றினான். அப்போதும் இன்ஜின் சத்தம் மாறவில்லை.

"மாமா." குரல் தணிந்திருந்தது. "கால் எங்க இருக்குன்னே தெரியல."

"சும்மா இருடா. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா உங்க அக்கா என்னைத்தான் கிழிப்பா."

இருக்கையிலிருந்து சிரிப்பு வரவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் மெக்கானிக்கின் மனைவி. தம்பி விரலில் ஒரு கீறல் விழுந்தாலும் இவனைத்தான் கேட்பாள். அவசரமாக இரண்டாவதை மாட்டினான். இரண்டு இன்ஜெக்டர் செத்த இன்ஜின் இவ்வளவு சீராக ஓடாதே என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பழகிய விரல்கள் மூன்றாவதைப் பிடுங்கிவிட்டன.

உள்ளே பேச்சில்லை.

பானெட்டைச் சுற்றி எட்டிப் பார்த்தான். மச்சினனின் கண்கள் திறந்திருந்தன. இமை அசையவில்லை. நெஞ்சு மட்டும், இன்ஜின் அதிரும் அதே வேகத்தில், ஏறி இறங்கியது.

"டேய்."

மூன்றாவதை மாட்டினான். எதுவும் மாறவில்லை. சாவியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. இன்ஜின் நின்றால்?

அப்போதுதான் நான்காவதைப் பார்த்தான். பிளக்கைப் பிடித்துவைக்கும் கொக்கி உடைந்திருந்தது. இதுதான் கோளாறு. ஒவ்வொரு அதிர்வுக்கும் பிளக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவியது.

பாய்ந்து அமுக்கினான். கொதிக்கும் சூடு. தோல் ஒட்டியது. விடக்கூடாது. நெஞ்சு ஏறியது. இறங்கியது.

விரலுக்கடியில் பிளக் நகர்ந்தது.

அதிர்வு அல்ல. இன்ஜினுக்குள்ளிருந்து, அவசரமே இல்லாமல், ஏதோ ஒன்று அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.