போயிட்டு வாறன்

படியடியில் நாற்காலியில் இருந்த கிழவி, தமயந்தி சொன்னதற்குத் தலையசைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். ஊர் பார்க்கவென்று, இத்தாலியில் அவர்கள் குடியிருந்த பலெர்மோ நகரிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்த மலையூர் அது. "கீழை நல்ல ஓவியங்கள் இருக்கு" என்று சொல்லி, யசிந்தன்தான் மனைவியைத் தேவாலயத்தின் நிலவறைக்குக் கூட்டிப்போனான். ஓவியம் ஒன்றும் இல்லை. உலர்த்திய பிணங்கள் தங்கள் நல்ல உடுப்புகளோடு, கழுத்தில் கம்பி கட்டி, சுவர் மாடங்களில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. ஐந்து மாத வயிற்றைப் பொத்திக்கொண்டு, வைக்கோலும் பழைய சுண்ணாம்பும் தொண்டைவரை மணக்க, அவன் சிரிப்பு பின்னாலேயே துரத்த, அவள் படியை நோக்கி விரைந்தாள். கறுப்புச் சால்வைக் கிழவியைக் காவற்காரி என்று நினைத்தாள். தான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவிடம் மாலையில் தமிழிலேயே சொல்கிற பழக்கம், வாயில் வந்துவிட்டது.

"போயிட்டு வாறன்."

தலை அசைந்த பிறகுதான் கண் இருக்கவேண்டிய இடத்தில் குழிகளைக் கண்டாள். உண்மையான காவற்காரி வெளியே வெயிலில் இருந்தாள்.

பஸ்ஸில் அவன் இன்னும் சிரித்தான்.

"செத்த வீட்டிலை ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவினமே, யசி? பேசாமலெல்லோ எழும்பி வரவேணும்."

"விசரி, அதுகளுக்குத் தமிழ் விளங்குமே?"

"தலையாட்டினவ."

"காத்தடிச்சிருக்கும்."

"நிலத்துக்குக் கீழையோ?"

அன்று மாலை பலெர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலிருந்த அவர்கள் வீட்டில், மீன் கழுவிய தண்ணீரும் பொரித்த எண்ணெயும் ஜன்னலால் ஏறி வந்தன. அவற்றுக்கு மேலாக வைக்கோல் மணந்தது. நிலவறைக்குப் போட்டுப்போன தன் சிவப்புக் கோட்டைத் தோய்த்துக் காயப்போட்டாள். மணம் போகவில்லை. இருமினாள். உள்ளங்கையில் ஒரு வைக்கோல் துரும்பு.

பிள்ளை அசையவில்லை. நிலவறைக்குள் இறங்கியதிலிருந்து ஒருமுறைகூட இல்லை.

"அப்ப நாளைக்குத் திருப்பிப் போவம்" என்றான் யசிந்தன். "சொன்ன சொல்லைக் காப்பாத்தவேணுமெல்லோ?"

பகிடிதான். அவள் பகிடியாக எடுக்கவில்லை. "ஓம்" என்றாள். பிள்ளைக்காக எங்கேயும் போவாள். கும்பிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கிழவி அதே நாற்காலியில் இருந்தாள். யசிந்தன் முன்னே போய்ப் பிணங்களைக் கைபேசியில் படமெடுத்தான். அதே சிவப்புக் கோட்டோடு தமயந்தி கிழவியின் முன் கைகூப்பினாள்.

"வந்திட்டன், அம்மா. தெரியாமல் சொல்லிப்போட்டன். என்ரை பிள்ளையை விடுங்கோ."

கிழவி எழுந்தாள்.

தமயந்தியின் காலில் குளிர். முழங்காலில். நாற்காலியின் கட்டை முதுகில் பட்டது. கழுத்தில் கம்பி. கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் நிறைய வைக்கோல்.

"கண்டீரே? ஒண்டுமில்லை. வாரும், பஸ் போயிடும்."

யசிந்தன் படத்தைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினான். சிவப்புக் கோட்டின் கையிலிருந்து விரல்கள் வந்தன. மஞ்சளாக. நகமில்லாமல். அவன் அவற்றைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன, கை இப்பிடிக் குளிருது?"

படியேறினார்கள். இரண்டு பேர். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புக் கோட்டு மட்டும் ஒருமுறை திரும்பித் தலையசைத்தது.

மேலே கதவு சாத்தப்பட்டது. காவற்காரி விளக்கை அணைத்தாள்.

இருட்டில், கறுப்புச் சால்வைக்குக் கீழே, பிள்ளை உதைத்தது. மறுபடியும் உதைத்தது.