கோடு விழுந்த பெயர்

பச்சைமுத்துவின் பெயர்மேல் கோடு இல்லை என்று தமயந்தி படித்தபோது, கோவிந்தப்பாவின் மரஸ்கேல் காகிதத்தில் அதே பெயருக்கடியில்தான் இருந்தது. காகிதத்தில் கோடு இருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கறுப்பாக, பத்து வருஷம் ஆகியும் மங்காமல்.

"பச்சைமுத்து. ரெண்டாவது ஷிப்ட். வந்த நேரம் ரெண்டு அஞ்சு. போன நேரம் காலி. கோடு இல்ல." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியா அங்கிள்?"

"இன்னொரு தரம் படி."

படித்தாள். அதேதான் வந்தது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை பிடித்து ஹரிஷ் நடத்தும் ஆபீஸ் அது. ரொட்டி வேகும் வாசனையும் பஸ் திரும்பும் உறுமலும் நாள் முழுக்கப் படியேறி வரும். மூடிப்போன ஒரு துணி மில்லின் பழைய வருகைப் பட்டியல்களைக் கோர்ட் கேட்டிருந்தது. அவை பிளாப்பிகளில் இருந்தன. ஆனால் மனிதன் படிக்க எழுதியவை அல்ல, பிரிண்டர் படிக்க எழுதியவை. அப்படியே திறந்தால் பெயர்களுக்கு நடுவே சிரிக்கிற மூஞ்சி, ஆட்டின், அம்புக்குறி, கட்டம் என்று ஒரே குப்பை. இங்கே தாளைத் தள்ளு, இங்கே திரும்பி வா என்று மெஷினுக்குச் சொல்லும் உத்தரவுகள் அவை. ஹரிஷின் புரோகிராம் அந்தக் குப்பையைக் கழுவி வெறும் எழுத்தாக்கும். கழுவும்போது பெயரும் சேர்ந்து போய்விடுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். தமயந்தி திரையில் படிப்பாள். மில்லில் அந்தக் காலத்திலேயே அச்சடித்துக் கட்டிவைத்த காகிதத்தில் கோவிந்தப்பா ஸ்கேலை வரி வரியாக இறக்கி, சரி என்பார், இல்லை என்பார். ஒவ்வொரு நாள் பட்டியலுக்கும் அடியில் கையெழுத்துப் போடுவார்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் அந்த மில்லின் பிரிண்டர் அறையில் இருபத்தாறு வருஷம் தாள் மாட்டியவர். அங்கே அச்சான எந்தப் பெயரையும் தடுமாறாமல் படிப்பார். மெஷினை அவர் நம்பியதில்லை. காகிதத்தையும் நம்பியதில்லை. காகிதம் எப்படிப் பொய் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

மில்லில் ஒரு வழக்கம். வேலைக்கு வராதவன் பெயரை விட்டுவிட மாட்டார்கள். பெயரை அடித்த மெஷின், தாளை நகர்த்தாமல், அதே வரியில் மறுபடி வந்து பெயர்மேலேயே வரிசையாகக் கோடு அடிக்கும். கோடு விழுந்தவன் அன்றைக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

பச்சைமுத்து வந்தான். 1991 டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை. காவிரிக் கலாட்டாவில் ஊர் அடங்கிக் கிடந்த வாரம். தமிழ் ஆட்கள் பலபேர் கிடைத்த லாரியில் ஏறிச் சேலம் பக்கம் போயிருந்தார்கள். பச்சைமுத்து போகவில்லை, டிபன் டப்பாவோடு வேலைக்கு வந்தான். துணி வேகவைக்கிற பெரிய இரும்பு அண்டாவைக் கழுவ உள்ளே இறங்கினான். ஆள் இருப்பது தெரியாமல் யாரோ மூடியை இறக்கி ஆவியைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலை லேபர் ஆபீசர் வெங்கடராமன், அச்சாகி முடிந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பிரிண்டர் அறைக் கதவைச் சாத்தினார்.

"இதை மறுபடி மாட்டுய்யா. அந்த வரிக்கு வர்ற மாதிரி பின்னால தள்ளு. அவ்ளோதான் உன் வேலை. மீதிய நான் பாத்துக்கறேன்."

கோவிந்தப்பா உருளையின் திருகை இரண்டு விரலால் பின்னுக்குத் திருகினார். ஒரு வரி அதிகம் போயிற்று, சரிசெய்தார். கோடு விழுந்தது. கையால் செய்த வேலை, அதனால் ஃபைலுக்குத் தெரியாது. அந்த இரண்டு விரலுக்கும் அதற்குப் பிறகு சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. நாளாக நாளாக மனசுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவர் அதைக் குறையாக நினைக்கவில்லை. சௌகரியமாகத்தான் இருந்தது.

"அங்கிள், தூங்கிட்டீங்களா? சரியா, தப்பா?"

"பேப்பர்ல கோடு இருக்கு. போடு."

அவள் போட்டாள்.

பச்சைமுத்துவின் மனைவி முத்தம்மா ஜோகுபாளையத்தில் அவருடைய சந்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். மில்லுக்கு வரவே இல்லை என்று காகிதம் சொன்னதால், கலாட்டாவில் ஓடிப்போனான் என்றார்கள். பிறகு, எவளோடோ ஓடினான் என்றார்கள். அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, திதி கொடுக்கவில்லை. எதைச் செய்வது என்று தெரிந்தால்தானே. சாயங்காலமானால் வாசற்படியில் உட்கார்ந்து மெயின் ரோட்டையே பார்த்திருப்பாள்.

"அண்ணா, அந்த மாசம் வந்துச்சா?" என்று அன்றும் கேட்டாள். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் மனைவி வள்ளியம்மா சொல்லியிருந்தாள்.

"இன்னும் இல்லம்மா."

"வந்தா பாத்து சொல்லுங்கண்ணா. அன்னைக்கு வேலைக்கு வந்தாரா இல்லியா, அது ஒண்ணு போதும். வந்திருந்தார்னா நான் பொட்டையாவது அழிச்சிட்டு உக்காருவேன். வரலைன்னா எங்கியோ நல்லா இருக்கட்டும் நாய்."

அவள் படிக்கு எதிரே தரையில் ஒரு ஈரம் எப்போதும் இருக்கும். இரண்டு கால் வைக்கிற அளவு. கார்ப்பரேஷன் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வார்கள். ஏப்ரல் வெயிலில் சந்து முழுக்க வெடித்துக் கிடந்தபோதும் அது காயவில்லை. கோவிந்தப்பா வழக்கம்போல அதைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஃபைலில் கோடு இல்லை.

தமயந்தி மறுபடி போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் அது போய்விட்டிருந்தது. அதற்குள் அடுத்த நாள் பட்டியலுக்கு வந்திருந்தார்கள். அதில் பச்சைமுத்துவின் பெயரே இருக்கக்கூடாது. ஓடிப்போனவன் என்று மில்லில் மறுநாளே பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள், காகிதத்தில் இல்லை. திரையில் இருந்தது. கடைசி வரியில். வந்த நேரம் முந்தினநாள் ரெண்டு அஞ்சு. போன நேரம் காலி. வேலை செய்த நேரம், முப்பத்துநாலு மணி.

ஹரிஷ் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். "என்ன அங்கிள், உங்க ஆளு வீட்டுக்கே போகல போலிருக்கே. ஓவர்டைம் ராஜா! போன நேரம் இல்லைன்னா புரோகிராம் கூட்டிக்கிட்டே போகுது. பேப்பர்ல இல்லாததைத் தூக்கிடுங்க."

தூக்கினாள். அதற்கடுத்த நாளில் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்து எண்பத்திரண்டு. தினம் தூக்கினாள், தினம் இருந்தது. மே போயிற்று, ஜூன் போயிற்று. பட்டியலில் வருஷங்கள் ஓடின. மற்றவர்கள் ரிடையர் ஆனார்கள், செத்தார்கள், பெயர் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரியில் அவன் மட்டும் அன்றைய ஷிப்டிலேயே இருந்தான். ஜூலையில் பேக்கரி வாசனை கோவிந்தப்பாவுக்கு வரவில்லை. வேறு ஒன்று வந்தது. சோடாக்காரத்தில் வேகும் துணி. அதற்கடியில் இன்னொன்று. சுவருக்குள்ளிருந்து பழைய பிரிண்டரின் சுத்தி அடிக்கிற சத்தம், ஒரு வரி, நிறுத்தம், ஒரு வரி, நிறுத்தம். தமயந்தியின் காதில் விழவில்லை. அவர் அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்டுத் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி கடைசிப் பட்டியலுக்கு வந்தார்கள். மில் மூடிய நாள், 1997. காகிதத்தில் பதினொரு பெயர். திரையில் பன்னிரண்டு.

தமயந்தி அன்றைக்குச் சிரிக்கவில்லை. வேலை செய்த நேரத்தைப் படித்தாள். "தொண்ணூத்தி மூணாயிரத்து அறுநூத்தி அம்பது." பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். "அங்கிள், இது தொண்ணூத்தியேழு வரைக்கும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் வருது. இன்னைக்கு நாலு அஞ்சு வரைக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு அஞ்சு.

"இந்த ஆளு யாரு அங்கிள்? உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் ஸ்கேலைத் துடைத்தார்.

"அந்த முதல் நாள் தாளை எடுத்துப் பாத்தேன்," என்றாள் அவள். "மத்த கோடெல்லாம் பேர்மேல நேரா இருக்கு. இவர் கோடு ஒரு முடி அளவு இறங்கியிருக்கு. தனியா அடிச்சிருக்காங்க. ஃபைல்தான் சரி, பேப்பர் தப்புன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்து போடுங்க. கோர்ட்டுக்குப் போகட்டும். அவருக்கு வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

முத்தம்மாவின் முகம் வந்தது. அந்தப் பொட்டு வந்தது. யார் திருகினது என்று அவள் கேட்பாள் என்பதும் வந்தது. பத்து வருஷம் எதிரே நடந்துபோன மூஞ்சியை அவள் பார்க்கிற பார்வை. சந்து முழுக்கப் பார்க்கும். வள்ளியம்மா பார்ப்பாள். மனசில் ஏதாவது அசைகிறதா என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அசையவில்லை.

"பேப்பர்ல இருக்கிறதுதான் சரி. எடுத்துடு."

"அங்கிள்..."

"எடும்மா."

எடுத்தாள். இந்தத் தடவை போய்விட்டது. பதினொரு பெயர். அவள் அச்சுக்குக் கொடுத்தாள். மூலையிலிருந்த சின்னப் பிரிண்டர் கரகரவென்று அடித்தது. பெயர்கள். பிறகு அடியில், சரிபார்த்தவர், கோவிந்தப்பா. அவர் எழுந்துபோய், தாளைக் கிழிக்காமலேயே குனிந்து கையெழுத்துப் போட்டார்.

பேனாவை எடுத்ததும் திருகு அசைந்தது.

யாரும் தொடவில்லை. பின்னுக்குத் திரும்பியது. மெதுவாக. ஒரு வரி அதிகம் போயிற்று. சரிசெய்துகொண்டது. இரண்டு விரல் திருகினால் எப்படித் திருகுமோ அப்படி.

அவர் பெயர்மேல் கோடு விழுந்தது.

மார்புக்குக் குறுக்கே ஏதோ போனது போலிருந்தது. வலி இல்லை. குளிர் இல்லை. குனிந்து பார்த்தார். சட்டை சட்டையாகத்தான் இருந்தது.

"அங்கிள்?" என்றாள் தமயந்தி. காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்கதான் இருக்கேன்."

அவள் படி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். அவர் தோளை உரசிக்கொண்டு போனாள். ஸ்கேலை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் டப்பாவை எடுத்துக் கிளம்பினார். பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. பக்கத்தில் வந்த ஆள் ஒரு மூட்டையை அவர் மடியில் வைத்தான். கனக்கவில்லை.

சந்துக்குள் நுழையும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. முத்தம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வள்ளியம்மா. தலை வாரவில்லை. அந்த வீட்டுப் படியில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"ஏய், இங்க என்ன பண்ற?"

அவள் மெயின் ரோட்டைப் பார்த்தாள். அவர் வழியாக.

"எட்டு நாளாச்சு முத்தம்மா," என்றாள் வள்ளியம்மா. "டப்பா எடுத்துக்கிட்டுப் போனவரு. ஆபீஸ்ல கேட்டா அன்னைக்கு வரவே இல்லைன்றாங்க. பேப்பரை எடுத்துக் காட்றாங்க. பேர்மேல கோடு போட்டிருக்குதாம்."

"எட்டு நாள்தானே அண்ணி," என்றாள் முத்தம்மா. நகர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். "நல்லா சாஞ்சு உக்காருங்க. முதுகு வலிக்கும்."

கோவிந்தப்பா கத்தினார். சத்தம் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. முன்னால் போய் நின்றார். இருவர் முகத்துக்கும் நேராக. இரண்டு ஜோடிக் கண். இமைக்காமல். ரோட்டையே.

காலடியில் ஈரம்.

குனிந்து பார்த்தார். அந்த இடம். இத்தனை வருஷம் சுற்றி நடந்த இடம்.

ஈரத்தில் அவர் கால் மட்டும் இல்லை. பக்கத்தில் இன்னொரு ஜோடி. வெறுங்கால். வெள்ளையாக, உப்பி, தோல் சாக்ஸ் மாதிரி கணுக்காலில் சுருண்டு இறங்கியிருந்தது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுடுதண்ணீர். ஆவி வந்தது. ஒரு டிபன் டப்பா முழங்கால் அருகே லேசாக ஆடியது.

அவர் தலையைத் தூக்கவில்லை.

காதருகே, பொறுமையாக, பழக்கமான குரலில் அவன் சொன்னான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா. அவ மூஞ்சியை மறைக்கிற."