சந்தனப் பொட்டு வைத்த மாட்யூல்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முட்டை வேன்களின் முதலாளி காளியண்ணன். அவருடைய தம்பி மகன், பட்டறைக்காரன் கதிர்வேல். காளியண்ணனின் ஒரே மகள் நர்மதா. அவள் கணவர் ரமேஷ்குமார். ஐந்தாவது ஆள் சப்-இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி. ஆறாவதாக நின்றிருக்க வேண்டிய டிரைவர் பொன்னன், வலது கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

திங்கட்கிழமை காலை. மூக்கு நசுங்கிய வேன் நடுவில் நின்றது. சனிக்கிழமை அந்தி சாய்ந்த நேரத்தில் ராசிபுரம் ரோட்டில் அதன் விளக்குகள் மொத்தமாக அணைந்து, சென்டர் மீடியனில் ஏறிவிட்டது. உடைந்த முட்டைகளின் வாடை பட்டறையை விட்டு இன்னும் போகவில்லை.

மேசைமேல் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, வேனின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கழற்றிய கறுப்பு நிற பாடி கண்ட்ரோல் மாட்யூல். மற்றது ஒரு புகார் மனு. மாட்யூலைத் திருடியவர் என்ற இடத்தில் கதிர்வேல் பெயர் இருந்தது. எழுதிக்கொண்டு வந்தவர் ரமேஷ்குமார். வண்டி காளியண்ணன் பெயரில் இருந்ததால் கையெழுத்து அவர்தான் போட வேண்டும்.

காளியண்ணன் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் திருநீறு இல்லை. கதிர்வேல் நெற்றியிலும் இல்லை. மூத்த பங்காளி அப்புசாமி போன வாரம் இறந்திருந்தார்; கருமாதி ஆகும் வரை பங்காளிகளுக்குக் கேதம், சாவுத் தீட்டு. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஒருவரும் போலீஸ் ஸ்டேஷன் படியேறியதில்லை. இந்த மனுவில் கையெழுத்து விழுந்தால் முதலில் ஏறுபவன் தம்பி மகனாக இருப்பான்.

"மாட்யூல்னா என்னப்பா, அதச் சொல்லு," என்றார் தண்டாயுதபாணி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்.

"என்ஜின் தனிங்க சார். இது வெளக்கு, வைப்பர், இண்டிகேட்டர், கதவுப் பூட்டு எல்லாத்தையும் பாத்துக்கும்," என்றான் கதிர்வேல். "பழசு கெட்டுப்போச்சுங்க. மழையில்லாமயே வைப்பர் ஆடும். புதுசுக்கு ஆர்டர் போட்டு ஒரு மாசம் காத்திருந்தோம். புதன்கிழமை நானே மாட்டினேன். வண்டியோட சேசிஸ் நம்பர ஸ்கேனர் வெச்சு அதுல ஏத்தினேன். எல்லா வெளக்கும் நல்லா எரிஞ்சுதுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வண்டி இந்தப் பட்டறைக்குள்ளதான் பூட்டிக் கெடந்துது."

"அப்போ இது?"

"இது நான் மாட்டினது இல்லீங்க. பழைய சரக்கு. நம்ம வண்டியில கழட்டினதுகூட இல்ல, அது அந்தா அலமாரியில இருக்குது."

"ஸ்கேனர்ல போட்டா எந்த வண்டிதுன்னு தெரியாதா?"

"மோதினதுல செத்துப்போச்சுங்க. பதிலே வரல."

ரமேஷ்குமார் சிரித்தார். "பட்டறைக்காரன் கையில இருக்கிற எல்லாமே செத்துத்தான் போவும். புதுச எவனுக்கு மாட்டிவிட்டயோ."

"மச்சான், வார்த்தைய அளந்து பேசுங்க."

"பட்டறைச் சாவி யார்கிட்ட?" என்று இடைமறித்தார் தண்டாயுதபாணி.

"ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு பெரியப்பா ஊட்டுல ஆணியில தொங்கும்."

"கேட்டீங்களா சார்?" என்றார் ரமேஷ்குமார். "மாமா ஊட்டுலயே திருடன் இருக்கான்னு சொல்றான்."

காளியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாட்யூலைக் கையில் எடுத்தார். ஸ்டிக்கர் இருந்த இடம் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது. எண் தெரியவில்லை. சுரண்டிய வடுவின் மேலேயே வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. நாமக்கல்லில் டயர் மாற்றினாலும் பொட்டு வைப்பார்கள். புதிதாக மாட்டிய மாட்யூலுக்கு வைப்பதில் என்ன அதிசயம்?

அவர் நகத்தால் சந்தனத்தின் ஓரத்தைத் தொட்டார். சுரண்டிய பள்ளத்துக்குள்ளும் அது இறங்கியிருந்தது.

"கதிர்வேலு, புதன்கிழமை பூசை போட்டயா?"

"கேதத்துல எப்படிங்க பெரியப்பா? ஊதுபத்திகூடப் பத்த வெக்கல. கருமாதி முடியட்டும்னு இருந்தேன்."

"வியாழக்கிழமை எங்க இருந்தே?"

"உங்ககூடத்தானுங்களே. பங்காளிக எல்லாரும் அஸ்தி கரைக்க மோகனூர் போனமே."

காளியண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே ரமேஷ்குமாரின் வேன் நின்றது. குமாரபாளையத்திலிருந்து துணி ஏற்றும் வண்டி. முட்டை வேனும் அதுவும் ஒரே மாடல். காலையில் ரமேஷ்குமார் டிரைவர் கதவில் சாவியைத் திருகியதும் எல்லாக் கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டதை அவர் பார்த்திருந்தார். போன மாதம் வரை மாப்பிள்ளை ஒவ்வொரு கதவாகச் சுற்றிவந்து பூட்டுவார்.

"நர்மதா, உங்க வண்டிப் பூட்டு எப்பச் சரியாச்சு?"

நர்மதா கணவரைப் பார்த்தாள். "இந்த வாரந்தானுங்கப்பா. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனப்ப ஒரே திருகுல பூட்டுச்சு. சூரமங்கலத்துப் பட்டறையில சரி பண்ணினேன்னு சொன்னாரு."

"ஒயர் லூசா இருந்துச்சுங்க மாமா," என்றார் ரமேஷ்குமார் வேகமாக. "முறுக்கிவிட்டாங்க."

"கதிர்வேலு, ஸ்கேனர எடுத்துட்டு வா சாமி."

"எதுக்குங்க மாமா? என் வண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாட்டிப் போவுது. சாவியக் குடுங்க மாப்பிள்ளை."

ரமேஷ்குமார் கை பாக்கெட்டுக்குள் போனது, வெளியே வரவில்லை. தண்டாயுதபாணி ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினார். சாவி வந்தது.

கதிர்வேல் ஸ்கேனரைத் துணி வேனில் மாட்டினான். திரை ஒளிர்ந்தது. அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு ஓடிப்போய் முட்டை வேனின் சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்தான்.

"சார், துணி வண்டியில இருக்கிற மாட்யூல் முட்டை வண்டியோட சேசிஸ் நம்பரச் சொல்லுது. நான் புதன்கிழமை ஏத்தின நம்பருங்க."

தண்டாயுதபாணி திரையை எட்டிப் பார்த்தார்.

"ஐயா, நீங்க எப்படிப் பிடிச்சீங்க?" என்றார் தண்டாயுதபாணி.

"பொட்டு சார். எல்லாரும் பாத்தோம், யாரும் யோசிக்கல. ஸ்டிக்கரச் சொரண்டுன எடத்துமேல பொட்டு இருக்குது. அப்படின்னா சொரண்டுன கைதான் பொட்டும் வெச்சிருக்குது, சொரண்டல் தெரியாம இருக்க. எங்க பங்காளிக யாரும் கருமாதி முடியற வரைக்கும் சந்தனக் கிண்ணத்தத் தொட மாட்டோம்."

"திருடறவனுக்குத் தீட்டு ஏதுங்க ஐயா?"

"நல்ல கேள்விதான். கதிர்வேலு திருடனாவே இருக்கட்டும். அவன் கேதத்துல இருக்கறது ஊருக்கே தெரியும். பொட்டு வெச்சா, பாக்கறவன் ஏன்னு கேப்பான். மறைக்க நெனைக்கிறவன் அதச் செய்வானா? கேதத்த மறந்தவன்தான் செய்வான். அந்தக் கேதம் மாமன் மச்சானுக்குக் கெடையாது." அவர் மருமகனின் நெற்றியைப் பார்த்தார். அங்கே காலையில் இட்ட சந்தனம் காய்ந்திருந்தது. "வியாழக்கிழமை நாங்க மோகனூர்ல. சாவி எங்க ஊட்டு ஆணியில. லோடு போன் வந்தா எடுக்கணும்னு ஊட்டுல இருந்தது நீங்க. சூரமங்கலத்துல பூட்டச் சரி பண்ணினேன்னு பொஞ்சாதிகிட்டப் பொய் சொன்னதும் நீங்க. எடுத்தது நீங்கதான் மாப்பிள்ளை."

ரமேஷ்குமார் குனிந்துகொண்டார். "எனக்கும் ஆர்டர் போட்டிருந்தேனுங்க மாமா. வரத் தாமசமாச்சு. வண்டி நின்னா மில்லுக்காரன் வேற வண்டி பாத்துக்குவேன்னான். அதான் என்னுத கழட்டி இதுல மாட்டினேன். என்னுது வந்ததும் மாத்தி வெச்சிரலாம்னு இருந்தேன். விளக்கு அணையும்னு நெனக்கல."

"பூட்டே விழாத மாட்யூல்ல வெளக்கு மட்டும் நிக்கும்னு நெனச்சீங்களா?" என்றான் கதிர்வேல்.

தண்டாயுதபாணி தொப்பியைக் கையில் எடுத்தார். "ஐயா, இது குடும்ப விஷயம். நீங்களே பேசி முடிச்சுக்கறதுன்னா, நான் வந்ததாவே இருக்க வேண்டாம்."

நர்மதா அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, அவரு பேர எழுதப்போறீங்களா? நாளைக்கு நான் எப்படிங்கப்பா தெருவுல நடப்பேன்?"

காளியண்ணன் மகளின் கையை விலக்கவில்லை. "உன் அண்ணன் பேரு அதுல இருந்தப்ப நீ ஒரு வார்த்த கேக்கலையே சாமி. பொன்னன் கால் ஒடஞ்சு கெடக்கறான். அவன் ஊட்டுக்காரிகிட்ட நான் என்ன முகத்த வெச்சுட்டுப் போவேன்?"

பிறகு கையை மெல்ல எடுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். கதிர்வேல் என்ற பெயரை ஒரே கோட்டில் அடித்தார். மேலே வேறு பெயர் எழுதினார். கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகி, மனுவைத் தண்டாயுதபாணியிடம் நின்றுகொண்டே கொடுத்தார்.

காளியண்ணன் மாப்பிள்ளையைக் காப்பாற்ற இரவோடு இரவாகப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். புகார் கொடுத்தபடியே இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கும் முதல் சாட்சி அவர்தான்.