கொடியில் காய்ந்த வெள்ளைக் கவுன்

"சொவத்தத் தொடைக்காதீங்கம்மா, அப்படியே இருக்கட்டும்..."

"தள்ளு புள்ள. ஐயா வர்ற நேரத்துல வீடு இந்தக் கோலத்துல கெடந்தா..."

"கெடக்கட்டும். அதப் பாக்கத்தானே அவரு வர்றாரு..."

"நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? அந்தக் குருவிக்கூட்டயும் தட்டிவிடணும். எச்சமாப் போட்டு வச்சிருக்கு."

நாகலெட்சுமி ஓடிப்போய் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டாள். அவள் தலைக்கு மேலே, கூரைச் சட்டத்தில், குருவி மண்ணை உருண்டை உருண்டையாக ஒட்டிக் கட்டிய கூடு இருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு கூடுதான். மற்ற நான்கும் கல்குவாரி வெடியின் அதிர்வில் விழுந்து நொறுங்கிவிட்டன.

தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குவாரி வந்தது எழுபத்தெட்டில். தினமும் பத்து மணிக்கு வெடி. சுவரில் விரிசல் விழும். சோற்றிலும் கல்தூள் விழும். குருவிக்கூடுகள் விழுவதையும் சேர்த்து எழுதி லயத்து ஆட்கள் மனுக் கொடுத்ததால், கிராம சபையிலிருந்து மரியரட்ணம் ஐயா மூன்று தடவை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டு தடவை வந்துவிட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. பெரிய ஆள் யார் வந்தாலும் லயத்தைக் கூட்டிக் கழுவி வைப்பது தோட்டத்து வழக்கம். வேலையாட்களை மேற்பார்க்கும் வீரய்யா கங்காணி, வீட்டுக்கு ஒருவர் வீதம் வேலைக்கு அனுப்பாமல் அதற்கென்றே நிறுத்திவைத்தார். எல்லோரும் தூசியைத் துடைத்தார்கள். விரிசலில் களிமண் பூசினார்கள். விழுந்த கூடுகளையும் அள்ளிப் போட்டார்கள். வந்து பார்த்த ஐயா, இவ்வளவு சுத்தமான லயத்தை எங்குமே கண்டதில்லை என்றார். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

பிறகு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சபையின் அறிவித்தல் ஒன்றை ஒட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு நாகலெட்சுமிதான் வாசித்துக் காட்டினாள். தூசி இல்லை, விரிசல் இல்லை, பறவைகளுக்கும் குறையில்லை என்று எழுதியிருந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே இருந்தால், லயத்துக்கு இன்னும் கிட்டத்தில் வெடி வைக்கலாமாம்.

கிட்டத்தில் வைத்தால் இந்தக் கூடு ஒரு நாள் தாங்காது.

இதை எத்தனை தடவை சொன்னாலும் அம்மா வேலாயிக்குக் கை சும்மா இருக்கவில்லை. தூசிக்குள் ஒரு மனிதரை எப்படி உட்காரச் சொல்வது என்று கேட்டாள். நாகலெட்சுமி கைகளைக் கீழே போட்டாள்.

"சரிம்மா. எல்லாத்தையும் தொடைங்க. கூட்ட மட்டும் விட்டுருங்க, எச்சத்த நான் கழுவுறேன். என் கவுனையும் தோய்ச்சுப் போட்டுர்றேன். திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குதுல்ல."

மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

நாகலெட்சுமி வெள்ளைக் கவுனைத் தோய்த்து, நீலம் போட்டு அலசி, ஒன்பதரைக்குக் கொடியில் விரித்தாள். பத்து மணிக்கு வெடி வெடித்தது. கல்தூள் பனிமூட்டம் போலத் தேயிலைக்கு மேலே நகர்ந்து வந்தது. குஞ்சுகள் கத்தின. கூட்டிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. அம்மா அவசர அவசரமாகச் சுவரை மறுபடியும் துடைத்து, புது விரிசலில் களிமண் அப்பினாள்.

பதினொரு மணிக்கு மரியரட்ணம் ஐயா வந்தார். சுற்றிப் பார்த்தார். வழக்கம்போல நல்ல சுத்தம் என்று சொல்லி, உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

நாகலெட்சுமி கவுனைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் விரல்களில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியது.

"என்ன புள்ள, இத இன்னும் தோய்க்கலியா?"

"ஒம்பதரைக்குத்தான் தோய்ச்சேங்க ஐயா. ஈரம்கூடப் போகல. அந்தச் சொவரையும் தொட்டுப் பாருங்க, அதுவும் காயல."

அவர் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டார். விரல் களிமண்ணுக்குள் பாதி வரை போயிற்று. நாகலெட்சுமி பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்தாள். அவள் பொறுக்கிச் சேர்த்திருந்த, உடைந்த நான்கு கூடுகளின் துண்டுகள் கொட்டின. ஐயா மேலே அண்ணாந்து பார்த்தார். சாப்பாடு வந்துவிட்டது என்று நினைத்து, மூன்று குஞ்சுகளும் அவரைப் பார்த்து வாயைத் திறந்தன.

ஐயா எழுதியதை அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் வெகு நேரம் எழுதினார். வெடியை இனி மலையின் மறுபக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று சபைக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். தானும் இனி மாதாமாதம் வருவதாகவும், வரும் நாளை யாருக்கும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார்.

வேலாயி தேநீரை நீட்டிக்கொண்டே மரியாதையாகக் கேட்டாள்.

"எப்ப வேணும்னாலும் வாங்க ஐயா. ஆனா மொத நாளு ஒரு வார்த்த சொல்லியனுப்பிட்டீங்கன்னா, கொஞ்சம் கூட்டித் தொடச்சு வச்சிருப்போம்ல?"