கூழுக்குள் போன குப்பி

"ஐயோ... அப்போதிக்கரி ஐயா! ஓடியாங்கோ! ஆழ்வாப்பிள்ளையர் செத்துப்போனார்!"

நெடுந்தீவு மருந்துச்சாலை வாசலில் யாகப்பு மூச்சிரைக்க நின்றான். பனையேறும் இடுப்புக்கயிறு இன்னும் அவிழவில்லை.

தீவுக்கு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி லியோன் கையிலிருந்த குடுவையை மேசையில் வைத்தார்.

"செத்ததை ஆர் பாத்தது?"

"ஆள் அசையேல்லை ஐயா... உடம்பெல்லாம் தண்ணி ஊத்தின மாதிரி வேர்க்குது!"

"செத்தவனுக்கு வேர்க்காது, யாகப்பு!"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கறுப்பியின் முதுகில் ஏறினார்.

கறுப்பி நகரவில்லை!

அவருடைய குதிரை அது. தீவில் எல்லாக் குதிரையும் புல்லுக்கு நடக்கும். இது மட்டும் பனங்கட்டிக்குத்தான் நடக்கும்; கருப்பட்டி இல்லாமல் காலே எடுக்காது. லியோன் சேணப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன் வாயில் வைத்தார். மென்று முடித்தது. அப்புறம் பறந்தது! யாகப்பு பின்னால் ஓடினான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்பதாம் ஆண்டு, வைகாசி. சோளகக் காற்று பேயாய் வீசிக்கொண்டிருந்தது. கடலில் ஒரு தோணியும் இல்லை. மருந்துச்சாலையில் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது. வரவேண்டிய பெட்டி ஊர்காவற்றுறையில் முடங்கிக் கிடந்தது.

ஆழ்வாப்பிள்ளைக்குச் சலரோகம், சீனி வியாதி. இன்சுலின் ஊசி போடச் சொன்னால் மனுஷன் தலைகீழாய் நிற்பார். குப்பி வீட்டில் இருந்தது. ஊசி மட்டும் ஏறவில்லை.

இன்று என்ன ஆயிற்று?

*

விறாந்தையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள்.

காலடியில் மனைவி அன்னபூரணம். கதிரையில் ஊர்த்தலைவர், விதானையார் மார்க்கண்டு. தலைமாட்டில் ஆழ்வாப்பிள்ளையின் அக்காள் மகன் இலட்சுமணன். கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் வேலை. லீவில் வந்திருந்தான்.

அவன் கையில் ஒரு ஊசி. மருந்து ஏற்றித் தயாராய் இருந்தது!

"நல்லவேளை வந்தீங்கள்! மாமாவுக்குச் சீனி ஏறீட்டுது. இன்சுலின் ஏத்தி வச்சிருக்கிறன். கெதியா போடுங்கோ!"

லியோன் ஊசியை வாங்கினார். ஆழ்வாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

தொப்பலாய் நனைந்திருந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. பல் கிட்டிப் போயிருந்தது.

"போடுங்கோ ஐயா! என்ன யோசிக்கிறீங்கள்? சாகப்போறார்!"

சீனி ஏறியிருந்தால் இந்த ஊசி உயிர். இறங்கியிருந்தால் இதுவே எமன். தவறினால் திருத்த இரண்டாம் தடவை கிடையாது.

ஏறினால் தோல் காயும். நாக்கு வறளும். இங்கோ வேர்வை ஆறாய் ஓடுகிறது...

ஊசியை முற்றத்தில் வீசி எறிந்தார்!

"என்ன செய்யிறீங்கள்?" இலட்சுமணன் அலறினான்.

"சீனி ஏறேல்லை. இறங்கீட்டுது! இரத்தத்தில சீனி கூடினாலும் உடம்பு விடாது, குறைஞ்சாலும் விடாது. கூடினா இன்சுலினை விட்டு இறக்கும். குறைஞ்சா ஈரல் சேமிச்சு வச்சதை அவிட்டுக் குடுக்கும். இப்ப ஈரலாலயும் ஏலாமப் போச்சு. இந்த வேர்வை உடம்பு போடுற கூக்குரல்! அக்கா, சீனி கொண்டு வாங்கோ!"

அன்னபூரணம் திகைத்தாள்.

"இல்லையே... இவருக்கு நஞ்செண்டு எல்லாத்தையும் வீட்டால வெளியேத்திப் போட்டன். சீனி, பனங்கட்டி, கற்கண்டு... ஒண்டும் இல்லை!"

"கருப்பணி?"

"ஓம்! ஒரு முட்டி கிடக்கு. தலை சுத்தினா எனக்கு ஒளிச்சுக் குடிக்கிறவர்!"

குசினியிலிருந்து முட்டி வந்தது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் பதநீர் புளிக்காமல் இனிக்கும்; அதுதான் கருப்பணி. லியோன் ரப்பர்க் குழாயை மூக்கு வழியே வயிற்றுக்குள் இறக்கினார். ஊற்றப் போனவர், ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

காறித் துப்பினார்!

"புளிக்குது! இது கருப்பணியில்லை, கள்ளு! யாகப்பு... சுண்ணாம்பு தடவேல்லையே?"

"மாதா மேல ஆணை, ஐயா! நேற்றுப் பின்னேரம் தடவி இந்த வீட்டு மதிலில காய வச்சனான். பொழுதுபட்டுச் செக்கலிலதான் ஏறிக் கட்டினனான்... முட்டிக்குள்ள பாக்கேல்லை."

லியோன் முட்டிக்குள் விரலை விட்டுத் தடவினார். சுண்ணாம்பு துளியும் இல்லை!

யாரோ கழுவியிருக்கிறார்கள்.

ஆழ்வாப்பிள்ளையின் உடல் ஒருமுறை வெட்டி இழுத்தது. அன்னபூரணம் குழறினாள். கடை பக்கத்தில் இல்லை. போய்வருவதற்குள் உயிர் போய்விடும்.

அப்போது... வாசலில் கறுப்பி கனைத்தது.

லியோன் துள்ளி எழுந்தார். சேணப்பையைக் கவிழ்த்தார். பனங்கட்டித் துண்டுகள் உதிர்ந்தன. வெந்நீரில் கரைத்தார். குழாயில் ஊற்றினார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கறுப்பி அவரை முறைத்துப் பார்த்தது.

இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும்.

*

"சீனி தானா இறங்குமோ, அப்போதிக்கரியார்?" விதானையார் கேட்டார்.

"இறங்காது. இன்சுலின் உள்ளுக்குப் போயிருக்கு."

"அப்ப மாமிதான்!" இலட்சுமணன் பாய்ந்தான். "காலமை கண்டனான்! இன்சுலின் குப்பியை அப்படியே கூழுக்குள்ள ஊத்தினவ! கேளுங்கோ, இல்லையெண்டு சொல்லட்டும்!"

எல்லோரும் அன்னபூரணத்தைப் பார்த்தார்கள்.

அவள் இல்லையென்று சொல்லவில்லை!

"ஓம்... ஊத்தினனான்."

விதானையார் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"ஊசி எண்டாலே இவர் குதிக்கிறார். மருந்து வீணாப் போகுதே, கூழோட கலந்து குடுத்தா அறியாமக் குடிச்சிடுவார் எண்டு நினைச்சன். கூடிப்போச்சோ? ஐயோ, என்ர கையாலயே குடுத்தனே!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கேட்டீங்களே விதானையார்!" இலட்சுமணனின் குரலில் அவசரம். "கட்டுங்கோ!"

விதானையார் கயிற்றை எடுத்தார். லியோனுக்குப் பொறுக்கவில்லை.

"கயிறு இருக்கட்டும். ஆளைத்தான் மாத்தவேணும்!"

"என்ன சொல்லுறீர்?"

"இந்தக் குப்பியைக் கூழில ஊத்திக் குடிச்சா ஒண்டும் நடக்காது. வயித்துக்குள்ள என்சைம் எண்டு ஒரு சாமான் சுரக்கும். திண்ட இறைச்சியை, மீனை வெட்டிக் கரைக்கிறது அதுதான். இன்சுலினும் அந்தச் சாதிதான், மாட்டின்ர கணையத்தில எடுக்கிறது. வயித்துக்க போனா துண்டு துண்டா வெட்டுப்பட்டுப் போகும்! அதாலதானே ஊசியாப் போடுறம். நோகடிக்கிறது எனக்கு ஆசையே?"

விதானையார் கண்ணை இடுக்கினார்.

"அப்ப ஆர் ஊசி போட்டது?"

லியோன் ஆழ்வாப்பிள்ளையின் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினார்.

தொடையில் ஒரு சிவப்புப் புள்ளி!

"அது... முள்ளுக் குத்தினது!" இலட்சுமணன் வேட்டியை இழுத்து மூடப் பார்த்தான்.

"தம்பி... நான் வரேக்க சீனி ஏறினதெண்டீர். நான் இறங்கினதெண்ட உடன மாமியைக் காட்டினீர். சரி, அது கிடக்கட்டும். முட்டியைக் கழுவினது ஆர்?"

"எனக்கென்ன தெரியும்? மாமியாயிருக்கும்!"

"மாமிக்குச் சீனி எண்டா நஞ்சு. மாமா உயிரைக் கருப்பணி காப்பாத்தும் எண்டு அவவுக்குக் கனவிலயும் தெரியாது. அது தெரிஞ்ச ஆள்தான் சுண்ணாம்பைக் கழுவினது! சுண்ணாம்பு இருந்தா நொதிக்கப் பண்ணுற என்சைமுக்கு வேலை ஓடாது. இல்லாட்டி விடியமுதல் சீனியைக் கள்ளாக்கிப் போடும். வீட்டுக் குப்பி கூழுக்குள்ள போச்சு; நீர் கொழும்பால கொண்டு வந்த மருந்தில ஊசியும் போட்டு, மாத்து மருந்தையும் கெடுத்து... பிறகு என்னைக்கொண்டே ரெண்டாம் ஊசியும் போடுவிக்கப் பாத்தீர்!"

"பொய்! சாட்சி எங்க? ஒருத்தரும் காணேல்லை!"

அவன் சிரித்தான். தைரியம் திரும்பியிருந்தது.

"கொழும்புக்குப் போய் வழக்குப் பேச அப்புக்காத்தரை வைப்பன்! மாமி தன்ர வாயால ஒப்புக்கொண்டவ. நீங்கள் சொல்லுற என்சைம் கோட்டில வந்து சாட்சி சொல்லுமோ?"

விதானையார் லியோனைப் பார்த்தார். பிள்ளையில்லாத வீடு. மாமன் செத்து, மாமி மறியல் சிறைக்குப் போனால் பனங்காணியும் மாட்டுப் பட்டியும் இவனுக்கே. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாட்சி?

"இலட்சுமணா..."

பாயிலிருந்து ஒரு முனகல்!

எல்லோரும் திரும்பினார்கள்.

ஆழ்வாப்பிள்ளையின் கண் மெல்லத் திறந்தது. மூக்கில் கிடந்த குழாயைத் தட்டிவிட்டார். வேர்வை நின்றிருந்தது. அன்னபூரணம் அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள்.

"இலட்சுமணா... முழங்கால் நோவுக்கு ஒரே ஊசி எண்டு காலமை போட்டியே... நோ இப்பவும் கிடக்கடா. தலைதான் சுத்துது. என்ன இழவு மருந்தடா அது?"



"சாட்சி கேட்டீரே தம்பி..." என்றார் லியோன். "எழும்பீட்டார்!"

இலட்சுமணன் விதானையாரைத் தள்ளினான்! கதிரையைத் தாண்டினான்! முற்றத்தில் பாய்ந்து ஒரே எட்டில் கறுப்பியின் முதுகில் ஏறினான். துறை தூரமில்லை. கரையில் கிடக்கும் ஏதாவது ஒரு தோணியைத் தள்ளிவிட்டால் போதும்...

"பிடியடா யாகப்பு!" விதானையார் விழுந்த இடத்திலிருந்து கத்தினார்.

லியோன் மட்டும் ஓடவில்லை. கைலேஞ்சியை எடுத்து நிதானமாய் நெற்றியைத் துடைத்தார்.

இலட்சுமணன் குதிகாலால் உதைத்தான். கடிவாளத்தைச் சுண்டினான். கெஞ்சினான். கறுப்பி கழுத்தைத் திருப்பியது. அவனுடைய சேட்டுப் பையை மோந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று புல்லைக் கடிக்கத் தொடங்கியது.

யாகப்பு இடுப்புக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடந்தே வந்தான்.

லியோன் வேலிப் படலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"இறங்கும் தம்பி! பனங்கட்டி குடுக்காம அது ஒரு அடி வைக்காது... இருந்த பனங்கட்டி முழுக்க இப்ப உம்மட மாமான்ர வயித்துக்குள்ள கிடக்கு!"