சரிவில் நிற்கும் லோடர்

நாற்பது நாளாக யாரும் ஸ்டார்ட் செய்யாத லோடரின் கியர்பெட்டி, சேரன் கை வைத்ததும் சுட்டது.

வெயில் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆனால் கியர்பெட்டி இருந்தது வண்டியின் அடிவயிற்றில், நிழலில்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்தக் கல்குவாரியில், விபத்து நடந்த சரிவிலேயே வண்டியை விட்டுவைத்திருந்தார்கள்.

"இன்னா மெக்கானிக்கு, தொட்டதுக்கே கையை ஒதர்ற?" என்றார் சூப்பர்வைசர் ஜெகதீசன். "ரெண்டு ஆபரேட்டருங்க சாவி போடறதுக்குள்ள எறங்கி ஓடிட்டானுங்க. நீயாவது ஜல்தி முடி."

"கூட நிக்கிறீங்களாண்ணே?"

"சாப்ட்டு வந்துடறேம்பா." வண்டிப் பக்கம் திரும்பாமலே பைக்கை உதைத்தார்.

சேரன் நான்கு சக்கரங்களுக்கும் பின்னால் கல் முட்டுக் கொடுத்தான். ஹேண்ட்பிரேக்கை இரண்டு முறை பார்த்தான். சந்தேகம் தீராமல் மூன்றாவது முறையும் பார்த்தான்.

விபத்து நடந்த அன்றைக்கு இப்படிப் பார்க்கவில்லை. கியர் நழுவுகிறது, சூடாகிறது என்று இந்த லோடரை ஓட்டிக்கொண்டிருந்த அக்கா கலையரசியின் கணவர் சவுரிராயன் கூப்பிட்டிருந்தார். இன்ஜின் அணைந்திருந்தபோதே சேரன் கியர்பெட்டியின் அளவுக்கம்பியை உருவினான். மேல்கோடு வரை ஆயில். "கரெக்டா இருக்குது மாமா, தைரியமா ஏத்துங்க."

"நீ சொன்னா சரிதான் மாப்ள."

பாதிச் சரிவில் கியர் நழுவி, லோடோடு வண்டி பின்னால் உருண்டது. குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனவர் மேலேயே ஏறியது.

மூன்று வாரம் கழித்து, விழுப்புரத்தில் மாலை வகுப்பு ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார்: லோடரின் கியர்பெட்டிக்கு இன்ஜின் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், நின்றால் ஆயில் எல்லாம் கீழே வடிந்து, நிறைய இருப்பதுபோல் காட்டும். சேரனின் பேனா நின்றுவிட்டது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு உண்மையில் எவ்வளவு ஆயில் இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இன்று வந்திருந்தான்.

ஸ்டார்ட் செய்தான். இறங்கி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே போய் நின்றான். கம்பியை உருவினான்.

நுனியில் ஒரே ஒரு கறுப்புச் சொட்டு.

கருகிய கிளட்ச் பிளேட்டின் வாடை எழுந்து மூக்கில் ஏறியது. அதற்குள்ளிருந்து மெல்ல, மாமாவின் தோள்வலிக்கு அக்கா தேய்த்துவிடும் தைலத்தின் வாசனையும் வந்தது.

"மாமா," என்றான். "நான்தான்."

முன்சக்கரத்துக்கு அடியில் கல் முனகியது. பிறகு நொறுங்கியது. அவனைவிட உயரமான டயர், மணலை நெரித்துக்கொண்டு அவனை நோக்கி ஒரு விரற்கடை வந்தது.

ஓரடி விலகினால் போதும். அவன் விலகவில்லை.

வரட்டும்.

"நகருடா மாப்ள."

குரல் மண்ணோடு மண்ணாகக் கீழிருந்து வந்தது. வண்டியின் அடிநிழலிலிருந்து இரண்டு கைகள் நீண்டன. முழங்கைக்குக் கீழே தட்டையாக. இடது விரலில் அக்கா போட்ட மோதிரம், சதையோடு நசுங்கி. அவை ஒரு கல்லைத் தள்ளிச் சக்கரத்தின் கீழே வைத்து அழுத்திப் பிடித்தன.

டயர் ஏறியது. எலும்பு ஒடியும் சத்தம். கல் பொடியானது.

"நகருடா."

ஓட வேண்டும் என்று இப்போது ஆசைப்பட்டான். கால் வரவில்லை.

டயர் நிற்கவில்லை. நைந்த விரல்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு, எட்டாத தூரத்தில் கிடந்த இன்னொரு கல்லை நோக்கி நீண்டன.