அமலி வீச்சில் ஒரு சாண் குதி

மாதம் பிறந்தால் முதல் நாள் காலையில் செவ்வாய்க் கிரகத்தின் முத்துநகர்க் குமிழில் எல்லோருடைய கைக்கும் புதுப்பிப்பு வரும். பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டு, வலது கை இரண்டு முறை தானாக உதறி அடங்கும்வரை கண்ணாடியைப் பார்த்து நிற்பார்கள். அதன்பிறகு முந்தின நாள்வரை தெரியாத ஏதோ ஒன்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். போன மாதம் பரோட்டா வீசத் தெரிந்தது. அதற்கு முந்தின மாதம் வயலின். குடியேறி எழுபது வருஷமாயிற்று, ஒருவரும் எதையும் பழகிக் கற்றுக்கொண்டதாகச் சரித்திரமில்லை.

அமலிக்கு மட்டும் கை உதறாது. தோளில் பதித்து உடம்பையே ஆட்டிவைக்கிற தசைச்சில்லு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை வைத்தார்கள். இரண்டு தடவையும் தோள் பூசணிக்காயாக வீங்கி, கழற்ற வேண்டியதாயிற்று. ஊரில் அவள் ஒருத்திதான் வெறுங்கை. தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை, முப்பத்தெட்டு வயது, வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வெறுங்கையோடுதான் அவள் வட்டெறிப் போட்டிக்குப் போனாள். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டை வீசி, தள்ளி நிற்கும் சங்கிலிக் கூடையில் விழவைக்கிற ஆட்டம் அது. எறிகிற தூரத்துக்கென்று தனிப் போட்டியும் உண்டு. ஈர்ப்பு குறைவு என்பதால் பூமியில் நூறு மீட்டர் போகிற வட்டு இங்கே இருநூறைத் தொடும். சில்லுக்காரர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் இருநூற்று மூன்று மீட்டர் எறிவார்கள். வெற்றி யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வது. அமலி எறிந்தது நூற்றிருபது.

நடுவர் கோமதிநாயகம் கறாராகச் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷமும் இருநூறு கோட்டைத் தாண்டலேன்னா வெறுங்கைக்கு இங்க இடம் கிடையாது அமலியம்மா. மேல உக்காந்து பாத்துக்கிடுங்க."

"பாக்கதுக்கா நான் வட்டு வாங்குனேன்?" என்று கேட்டுவிட்டு வந்தாள் அமலி. அந்த மைதானத்தில் நிற்கிற நேரம்தான் அவளும் ஊரில் ஒருத்தி என்று அவளுக்குத் தோன்றுகிற நேரம்.

செவ்வாயின் வருஷம் நம்முடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவகாசம் இருந்தது. வேலை முடிந்ததும் இன்னும் தண்டவாளம் போடாத ஒன்பதாம் சுரங்கப் பாதைக்குப் போவாள். புருஷன் தஸ்நேவிஸ் கூடவே போய் வட்டைப் பொறுக்கிக் கொடுப்பான், அவனும் சில்லுக்காரன்தான்.

முதல் ஆறு மாதம் கைப்பலத்தை நம்பினாள். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் வட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, பாதி வழியில் தொப்பென்று விழுந்தது. முழங்கை வீங்கியதுதான் மிச்சம். ஒரு நாள் வேலையில் இறுகிப்போன மரை ஒன்றைத் திருகும்போது புத்தியில் உறைத்தது. ஸ்பேனரைக் கையால் இழுத்தால் மரை அசையாது. முன்காலை ஊன்றி இடுப்பைத் திருப்பினால், கை சும்மா கூடவே வரும், மரையும் கழன்றுவிடும்.

"அட மூதேவி, இத்தனை வருஷமா செய்யுத வேலைதானே இது" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கையை அவசரப்படுத்தவில்லை. கால் ஊன்றுகிறவரை வட்டு பின்னால் காத்திருந்தது. இடுப்பு திரும்பியதும் நெஞ்சை ஒட்டி நேராக வந்து, கடைசிக் கணத்தில்தான் சுண்டிக்கொண்டு போனது. மூக்கு தூக்காமலிருக்க, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் மணிக்கட்டைச் சற்றுக் கவிழ்த்தாள். நூற்றைம்பது வந்தது. நூற்றெண்பது வந்தது.

ஒரே தொந்தரவு, தரையில் குறுக்கே கிடந்த பழைய கழிவுநீர்க் குழாய். விளக்கு எரிந்தது அந்த ஓரத்தில் மட்டும்தான். ஆகவே ஓடிவரும்போது இரண்டாம் அடியில் ஒரு சாண் குதித்து, அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் எறிந்தாள்.

போட்டியன்று மைதானத்தில் குழாய் இல்லை. பழகின கால் சும்மா இருக்குமா? இரண்டாம் அடியில் குதித்தாள், ஊன்றினாள், திரும்பினாள். வட்டு இருநூற்றுப் பதினான்காம் மீட்டரில் போய் இறங்கியது. ஒளித்துவைத்த சில்லு இருக்கிறதா என்று அவளைக் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இல்லை.

"உங்க வீச்சைப் பதிவு செஞ்சு ஊருக்கே கொடுக்கலாமா?" என்று கேட்டார் கோமதிநாயகம். இந்தத் தடவை குரலில் மரியாதை இருந்தது.

"தாராளமா. என் பேரைப் போட்ருங்க, அது போதும்" என்றாள். அன்று அவள் தலை குமிழின் கூரையில் இடிக்காததுதான் ஆச்சரியம்.

அடுத்த முதல் தேதி ஊர் முழுவதும் கைகள் உதறின. அமலி வீச்சு வந்துவிட்டது. அத்தனை பேரும் ஓடிவந்து, இல்லாத குழாயை ஒரு சாண் குதித்துத் தாண்டி, இருநூற்றுப் பதினான்கு மீட்டர் எறிந்தார்கள். அமலிக்குச் சிரிப்பு வந்தது. பெருமையும் வந்தது, அதுதான் கூட.

மறு போட்டிக்குள் ஒன்பதாம் பாதைக்குத் தண்டவாளம் வந்தது. குறுக்கே கிடந்த குழாயை அறுத்து எடுத்தவளே அமலிதான். குழாய் இல்லாமல் எறிந்து பழகியதில் குதியும் போயிற்று. போட்டியில் குதிக்காமல் எறிந்தாள். இருநூற்று இருபத்தொன்று.

கோமதிநாயகம் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

"குதி இல்லையே அமலியம்மா. அமலி வீச்சுல ஒரு சாண் குதி கட்டாயம். விதியே வந்தாச்சு."

"ஐயா, அது வீச்சு இல்ல. அங்கன ஒரு குழாய் கிடந்துச்சு. நான் தாண்டுனேன்."

அவர் இரக்கத்தோடு புன்னகைத்தார். "உங்களுக்கு அதோட அறிவியல் தெரியல. குதியைப் பத்தி மட்டும் முந்நூறு பக்கத்துக்கு ஆய்வு இருக்கு. இன்னொரு வாய்ப்பு தாரேன். அமலி எறியுத மாதிரி எறிங்க."

அமலிக்குச் சுர்ரென்று ஏறியது. கோட்டில் நின்று, இடக்கையால் தொடையில் படீரென்று ஓர் அடி அடித்துக்கொண்டாள். ஓடிவந்து, ஒரு சாண் கேட்டவருக்கு இரண்டு சாணாகக் குதித்து எறிந்தாள். இருநூற்று இருபத்துமூன்று. வெள்ளைக் கொடி ஏறியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். கோபம் இருந்த இடம் தெரியாமல் போய், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது அவளுக்கு.

முதல் தேதி வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த தஸ்நேவிஸின் வலது கை இரண்டு முறை உதறி அடங்கியது. வட்டை எடுத்துக் கூடத்தில் எறிந்து பார்க்கப் போனான். இடக்கை தொடையில் படீரென்று அடித்தது. இரண்டு சாண் குதித்து, எறியாமலே நின்றுவிட்டான்.

"ஏட்டி, தொடையில எதுக்கு அடிச்ச?"

"கோவத்துல."

"யாரு மேல?"

"உங்க எல்லாரு மேலயும்தான்."

தஸ்நேவிஸ் தொடையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். "அப்ப எங்களுக்கு யாரு மேல கோவம்?"

சுவர்த்திரையில் கோமதிநாயகம், தொடையில் அடிப்பதால் எந்தத் தசை விழித்துக்கொள்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அமலி ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வேலைக்குக் கிளம்பினாள். தெரு நெடுகப் படீர் படீரென்று சத்தம் கேட்டது.